இலை உதிர்த்த தொட்டி அத்தியை மீண்டும் தளிர்க்கச் செய்வது எப்படி?

மதுரை நகரத்து வீட்டு மாடிகளிலும், சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களின் வீட்டுத் தோட்டங்களிலும் தொட்டியில் வளர்க்கப்படும் பழமரங்களில் சீமை அத்தியும் ஒன்றாகும். குறைந்த இடத்தில் வளர்ந்து, நட்ட இரண்டாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்குவதால் இதனைப் பலரும் விரும்பி வாங்குகின்றனர். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் இச்செடி இலைகளை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கிறது. செடி பட்டுவிட்டது என்று எண்ணிச் சிலர் பிடுங்கி எறிகின்றனர். வேறு சிலர் எப்படியாவது பிழைக்க வைக்கவேண்டும் என்று தண்ணீரும் உரமும் அள்ளிக் கொடுக்கின்றனர். இரண்டுமே தவறு.

வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் பிளாஸ்டிக் பீப்பாய்களைப் பாதியாக அறுத்து, பன்னிரண்டு சீமை அத்திச் செடிகளை அவற்றில் வளர்த்து வந்தார். பழத்தை விடப் பதியன் கன்றுகளை விற்பதில்தான் அவருக்கு வருமானம். மூன்று ஆண்டு வளர்ந்த தாய்ச் செடிகள். மார்கழியில் எல்லாம் மொட்டையாகிவிட, பதறிப்போய்க் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். தை மாதக் கடைசியில் நான் சென்று பார்த்தபோது பத்துச் செடிகளின் அடித்தண்டு மெத்தென்று அழுகியிருந்தது. “ஒரு நாள்கூடத் தண்ணி விடாம இருந்ததில்லை சார், அப்படியும் போயிருச்சே” என்றார். அவருடைய மனைவியார்தான், “மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னாடி கிடக்குற ரெண்டு மட்டும் துளிர்த்திருக்கு சார். அதை யாருமே கவனிக்கலை” என்று அழைத்துச் சென்று காட்டினார். யாரும் கவனிக்காததாலேயே அவ்விரண்டும் பிழைத்தன. மற்ற பத்தும் அளவுக்கு மிஞ்சிய கவனிப்பினால் மடிந்தன.

இலையில்லாத அத்திக்கு என்ன தேவை, என்ன தேவையில்லை என்பதை அறிந்துகொண்டால் இத்தகைய இழப்பைத் தவிர்க்கலாம்.

எந்த அத்தி?

நம் ஊர் ஆற்றோரங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் தானாக வளர்ந்து, அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது நாட்டத்தி. அதன் இலை வெட்டுகள் இன்றி நீண்டு, வழவழப்பாக இருக்கும். கடைகளில் உலர் பழமாக மாலை கோத்து விற்கப்படுவது சீமை அத்தி. அதன் இலை அகன்று, விரல்கள் போலப் பிளவுபட்டு, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இக்கட்டுரை சீமை அத்தியைப் பற்றியதாகும்.

நம் நாட்டில் சீமை அத்தி சாகுபடிக்குப் பெயர்பெற்ற பகுதி மகாராஷ்டிராவில் புனே மாவட்டத்தின் புரந்தர் வட்டமாகும். அப்பகுதி அத்திக்கு 2016-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அங்கு விளையும் பூனா அத்தி வகை, மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே காய் பிடிக்கக் கூடியது. ஆகவே ஒரே ஒரு தொட்டிச் செடி வைத்திருப்பவரும் பழம் பறிக்கலாம்.

இலை உதிர்வது நோயா, இயல்பா?

சீமை அத்தி இயற்கையிலேயே இலை உதிர்க்கும் மரம். துருக்கி போன்ற, குளிர்காலம் உள்ள நாடுகளில் கடுங்குளிர் தொடங்கியதும் இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும். வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். மதுரைச் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லை. மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உள்ளது. ஆகவே இங்கு இலை முழுவதும் உதிர்ந்தால் அதற்குக் குளிரை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. குளிர் நாட்டார் கூறும் யோசனைகளைப் பின்பற்றி, தொட்டியை இருட்டறைக்குள் நகர்த்துவதோ, துணி சுற்றி மூடுவதோ நமக்குத் தேவையில்லை. இங்கு இலை உதிர்வதற்குரிய காரணங்கள் வருமாறு:

1. துரு நோய்: மழைக்காலத்தில் இலை உதிர முக்கியக் காரணம் இதுவே. செரோட்டீலியம் என்ற பூஞ்சாணத்தால் உண்டாகிறது. இலையின் மேற்புறத்தில் சிறு சிறு மஞ்சள் புள்ளிகள் தோன்றிப் பின்னர் பழுப்பு நிறமாகும். இலையைத் திருப்பிப் பார்த்தால் இரும்புத் துரு போன்ற பொடி காணப்படும். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். அடியிலுள்ள முற்றிய இலைகள் முதலில் மஞ்சளாகி உதிரும். ஈரமும் பனியும் தொடர்ந்தால் சில வாரங்களில் செடி மொட்டையாகிவிடும். ஆனால் இந்நோய் இலையைத் தாக்குமே தவிர, கட்டையைக் கொல்லாது.

2. நீர் தேங்குதல்: தொடர் மழையில் தொட்டியின் வடிகால் துளை அடைபட்டால் வேருக்குக் காற்றோட்டம் கிடைப்பதில்லை. மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் தொங்கி, மஞ்சளாகி உதிரும். மண்ணை முகர்ந்தால் புளித்த நாற்றம் வீசும்.

3. வறட்சி: மழை நின்றபின் தை மாதத்தில் மாடியில் காற்றும் வெயிலும் சேர்ந்து தொட்டியை விரைவில் உலர்த்திவிடும். இலை விளிம்புகள் கருகி, அப்பளம் போல் நொறுங்கி உதிரும்.

4. இட மாற்றம்: நாற்றங்காலின் நிழல் வலையின் கீழ் வளர்ந்த கன்றை வாங்கி வந்து நேராக மொட்டை மாடி வெயிலில் வைத்தாலும் இலைகள் கொட்டும்.

5. தண்டுத் துளைப்பான்: ஒரு கிளை மட்டும் வாடி இலை உதிர்த்தால் அக்கிளையில் துளையும், அதன் வாயில் மரத்தூள் போன்ற கழிவும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாமரத்தைத் தாக்கும் தண்டுத் துளைப்பான் வண்டின் புழு அத்தியையும் தாக்கும்.

இவற்றில் எதனால் இலை உதிர்ந்தது என்பதைக் கண்டறிந்த பின்னரே வைத்தியம் தொடங்கவேண்டும். தாகத்தால் வாடிய செடிக்குத் தண்ணீர் மருந்து. வேர் அழுகிய செடிக்கு அதே தண்ணீர் விஷம்.

உயிர் இருக்கிறதா என்று சோதித்தல்

முதலில் கிளையின் நுனி மொட்டைப் பார்க்கவேண்டும். அது கூராகவும் பசுமையாகவும் கெட்டியாகவும் இருந்தால் கவலையில்லை. அடுத்து, நுனியிலிருந்து ஒரு சாண் கீழே பட்டையை நகத்தாலோ கத்தி முனையாலோ லேசாகச் சுரண்டவேண்டும். பட்டைக்கு அடியில் பச்சையாக இருந்து, வெண்மையான பால் கசிந்தால் அக்கிளைக்கு உயிர் உண்டு. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் இன்னும் ஒரு சாண் கீழே சென்று சுரண்டிப் பார்க்கவேண்டும். பச்சை தென்படும் இடம் வரை இவ்வாறு இறங்கி வரலாம்.

கிளைகள் யாவும் காய்ந்திருந்தாலும் உடனே பிடுங்கிவிடக் கூடாது. அடித்தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்தால், பங்குனி வரை பொறுத்திருக்கலாம். அத்திக்கு வேர்ப் பகுதியிலிருந்து புதுக் கிளை விடும் ஆற்றல் உண்டு. குச்சி அல்லது பதியன் மூலம் உண்டான செடியானால் அடியிலிருந்து வரும் கிளையும் அதே இரகமாகவே இருக்கும். நாட்டத்தியின் மேல் ஒட்டுக் கட்டிய செடியானால் ஒட்டுக்குக் கீழிருந்து வருவது நாட்டத்தியாகிவிடும். வழவழப்பான, பிளவில்லாத இலையைக் கொண்டு இதனை அறிந்து, அக்கிளையை நீக்கிவிடவேண்டும்.

அடித்தண்டு மெத்தென்று அமுங்கி, பட்டை எளிதில் உரிந்து வந்து, அழுகல் நாற்றம் வீசினால் அச்செடி பிழைக்காது. மேலே பச்சையாக உள்ள குச்சிகள் இருந்தால் அவற்றையாவது வெட்டிப் புதுச் செடி உண்டாக்கிக்கொள்ளலாம்.

தண்ணீர் விடுவதில் கவனம்

இலையே செடியின் நீர் இறைக்கும் இயந்திரம். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைகளின் வழியே ஆவியாகி வெளியேறுகிறது. இலை இல்லையென்றால் இறைப்பு நின்றுவிடுகிறது. அந்நிலையில் நாம் ஊற்றும் நீர் தொட்டியிலேயே தங்கி, மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றை வெளியேற்றிவிடும். மூச்சுவிட வழியில்லாத வேர்கள் முதலில் நுனியில் கறுத்து, பின்பு அழுகும். நிலத்தில் உள்ள மரத்திற்கு மிகை நீர் ஆழத்திற்கு இறங்கிவிடும். தொட்டிச் செடிக்கு அந்த வசதியும் இல்லை. வாடிப்பட்டியில் பத்துச் செடிகள் மடிந்தது இதனால்தான்.

ஆகவே இலையில்லாத காலத்தில் நாள் கணக்குப் பார்த்துத் தண்ணீர் விடாமல், மண்ணைப் பார்த்து விடவேண்டும். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம், அதாவது சுமார் 5 செ.மீ. வரை செலுத்திப் பார்க்கவும். ஈரம் தெரிந்தால் தண்ணீர் வேண்டாம். உலர்ந்திருந்தால் மட்டும், அடித்துளையில் நீர் கசியும் அளவுக்கு ஒரு முறை ஊற்றி நிறுத்திக்கொள்ளவேண்டும். சுமார் 50 லிட்டர் மண் கொள்ளும் தொட்டிக்குத் தை மாதத்தில் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை 2 முதல் 3 லிட்டர் நீர் பெரும்பாலும் போதுமானது. மண் முழுதும் காய்ந்து தொட்டியின் ஓரத்திலிருந்து விலகி வெடிப்பு விடும் அளவுக்கும் போகவிடக் கூடாது. அப்போது ஊற்றும் நீர் வெடிப்பின் வழியே ஓடிவிடும், வேருக்குச் சேராது.

மொட்டுகள் பிளந்து இரண்டு மூன்று இலைகள் விரிந்ததும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். இலைகள் உள்ளங்கை அளவு வளர்ந்தபின் இரண்டு நாளுக்கு ஒரு முறையும், சித்திரை, வைகாசி வெயிலில் நாள்தோறும் காலையிலும் விடலாம். மாடியில் உள்ள செடிகள் அக்கினி நட்சத்திரக் காலத்தில் மாலையிலும் ஒரு முறை கேட்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உவராக உள்ள இடங்களில் மண்ணின் மேல் வெள்ளை பூத்து, இலை விளிம்பு கருகும். அத்தி ஓரளவு உவரைத் தாங்கும் என்றாலும், தொட்டியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். இலைகள் வந்தபின் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டு உப்பைக் கழுவவேண்டும்.

வடிகாலும் மண் மாற்றமும்

தொட்டியைச் சாய்த்து அடித்துளைகளைக் கம்பியால் குத்திப் பார்க்கவேண்டும். பல தொட்டிகளில் வேரே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை மழைக்காலத்தில் எடுத்துவிடுவது நல்லது. மூன்று உடைந்த செங்கற்களின் மேல் தொட்டியைத் தூக்கி வைத்தால் நீர் வடிவதோடு தளமும் கெடாது.

நம் பகுதியில் கண்மாயிலிருந்து எடுத்த கரம்பை மண்ணைத் தொட்டிக்கு இடும் வழக்கம் உண்டு. வயலுக்குக் கரம்பை மிகவும் நல்லது. ஆனால் தொட்டிக்குள் அது மட்டும் இருந்தால் மழையில் குழைந்து, வெயிலில் செங்கல்லாக இறுகும். பட்டுப்போனதாகக் கொண்டுவரப்படும் அத்திகளில் பல இத்தகைய மண்ணில் வளர்ந்தவையே. தொட்டிக்கு ஏற்ற கலவை: செம்மண் 2 பங்கு, பொடி நீங்கக் கழுவிய மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு. இதனுடன் தொட்டிக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூள் சேர்க்கலாம். தென்னை நார்க் கழிவு சேர்ப்போர் அதனை நன்கு கழுவி, ஒரு கைப்பிடி அளவே கலப்பது நல்லது. அதிகமானால் மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேர் அழுகியதாகச் சந்தேகம் இருந்தாலும், தொட்டி மாற்றி மூன்று ஆண்டு கடந்திருந்தாலும், இலையில்லாத தை மாதமே மண் மாற்ற ஏற்ற காலம். செடியை மண்ணோடு வெளியே எடுத்து வேர்களைப் பார்க்கவேண்டும். நல்ல வேர் வெளிர் நிறத்தில் கெட்டியாக இருக்கும். கறுத்து, வழுவழுப்பாக, இழுத்தால் தோல் உரியும் வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டி நீக்கவேண்டும். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை ஓரத்தில் 2 முதல் 3 செ.மீ. அளவுக்குச் சீவிவிடலாம். பின்னர் புதுக் கலவையில், முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, ஒரு முறை நீர் விட்டு, பத்து நாள் அரை நிழலில் வைக்கவேண்டும். கலவையுடன் ட்ரைக்கோடெர்மா உயிர்ப் பூஞ்சாணக் கொல்லியைத் தொழு உரத்தில் கலந்து இட்டால் வேரழுகல் மீண்டும் வராமல் தடுக்க உதவும்.

வேர்களில் மிளகு முதல் கடலை அளவில் முடிச்சுகள் காணப்பட்டால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் தாக்குதலாகும். சீமை அத்தி இதற்கு எளிதில் இலக்காகும். தக்காளி, கத்திரி, வெண்டை வளர்ந்த மண்ணைத் தொட்டிக்கு இடுவதால் இது வந்து சேருகிறது. அத்தகைய பழைய மண்ணை முழுவதும் நீக்கி, முடிச்சுள்ள வேர்களை வெட்டி எரித்து, புது மண்ணில் நடவேண்டும்.

கவாத்து

சீமை அத்தியின் முக்கிய விளைச்சல் புதிதாக வளரும் தளிர்க் கிளைகளின் இலைக் கக்கங்களில்தான் வருகிறது. ஆகவே புதுக் கிளை எவ்வளவு திடமாக வருகிறதோ அவ்வளவு காய்ப்பு. இலை உதிர்ந்த காலமே கவாத்துக்கு ஏற்றது.

இதற்கு மதுரைக்காரர்கள் வெளியூர் சென்று பாடம் கற்கவேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுகிறோம். மொட்டையான மல்லிகைத் தோட்டத்தைப் பார்த்து எந்த விவசாயியும் பதறுவதில்லை. மாசி, பங்குனியில் அரும்பு வரும் என்று அவருக்குத் தெரியும். புனே பகுதி அத்தி விவசாயிகளும் இவ்வாறே மரத்திற்கு ஓய்வு கொடுத்து, கவாத்து செய்து, பின்னர் நீரும் எருவும் கொடுத்துப் புதுத் தளிரை வரவழைக்கின்றனர். அவர்கள் வேண்டுமென்றே கொடுக்கும் ஓய்வு நம் தொட்டிச் செடிக்குத் தானாக வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மழை நின்று, வானம் வெளுத்த தை முதல் வாரத்தில் கவாத்து செய்யலாம். காய்ந்த கிளைகளைப் பச்சை தெரியும் இடம் வரை வெட்டவேண்டும். குறுக்கே வளர்ந்து உராயும் கிளைகளையும், மெலிந்த குச்சிகளையும் அடியோடு நீக்கவேண்டும். மூன்று முதல் ஐந்து நல்ல கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டவேண்டும். வேர் அழுகி, வேரைக் குறைத்த செடியில் கிளைகளைப் பாதியளவு குறைக்கலாம். குறைந்த வேர் அதிகக் கிளைகளைத் தாங்காது.

துளைப்பான் புகுந்த கிளையைத் துளைக்குக் கீழே வெட்டி எரித்துவிடவேண்டும். அடித்தண்டில் துளை இருந்தால் வளையும் கம்பியை உள்ளே செலுத்திப் புழுவைக் குத்தி எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைக்கவேண்டும்.

எச்சரிக்கை: அத்திப் பால் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாகும். கையுறை அணிந்து மாலையில் கவாத்து செய்வது நல்லது. பட்ட இடத்தைச் சோப்பினால் கழுவவேண்டும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வெட்டிய குச்சிகளை எறிந்துவிட வேண்டாம். பென்சில் பருமனில், 20 முதல் 25 செ.மீ. நீளத்தில், நான்கு ஐந்து கணுக்கள் உள்ள துண்டுகளாக்கி, பால் வடிந்து காய ஒரு நாள் நிழலில் வைத்து, மணலும் மண்புழு உரமும் கலந்த பைகளில் மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி நடலாம். ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் வேர்விடும். தாய்ச் செடிக்கு ஏதேனும் நேர்ந்தாலும் இரகம் கையை விட்டுப் போகாது. நாற்றங்கால் நடத்துவோர் ஒவ்வோர் ஆண்டும் இதனைக் கட்டாயம் செய்துகொள்ளவேண்டும்.

துரு நோய் மீண்டும் வராமல் தடுத்தல்

உதிர்ந்த இலைகளைத் தொட்டியிலும் தளத்திலும் விட்டுவைக்காமல் கூட்டி எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். இதே இலைகளை மூடாக்காக இடுவது நோயை அடுத்த பருவத்துக்குச் சேமித்து வைப்பதற்குச் சமம்.

கவாத்து முடிந்ததும் கிளைகள் நனையும்படி ஒரு சத போர்டோக் கலவை தெளிக்கலாம். இக்கலவை பிரான்சு நாட்டின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் தோன்றியது. வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளின் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகளில் அடிச்சாம்பல் நோய் குறைவாக இருப்பதைக் கண்ட மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-ஆம் ஆண்டு அதனை மருந்தாக வெளியிட்டார்.

ஒரு லிட்டர் கலவைக்கு 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து வடிகட்டிக்கொள்ளவேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே பயன்படுத்தவேண்டும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் தோய்த்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் மேலும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்க்கவேண்டும். கலந்த அன்றே தெளித்துவிடவேண்டும். இளந்தளிரின் மேல் தெளித்தால் கருகும். அடுத்த மழைக்கு முன், புரட்டாசிக் கடைசியில் முற்றிய இலைகளின் இருபுறமும் ஒரு முறை தெளித்தால் துரு நோயைப் பெரிதும் தடுக்கலாம். பழம் பழுத்து நிற்கும்போது தெளிக்கக் கூடாது.

வெயிலிலிருந்து தண்டைக் காத்தல்

இலை நிழல் இல்லாத தண்டு மாசி, பங்குனி வெயிலில் மேற்குப் பக்கம் வெந்து, பட்டை வெடிக்கும். அந்த வெடிப்பு துளைப்பானுக்கும் பூஞ்சாணத்துக்கும் வாசலாகும். நீர்த்த சுண்ணாம்பைத் தண்டிலும் தடித்த கிளைகளிலும் பூசினால் வெப்பம் குறையும். மொட்டுகளின் மேல் பூசவேண்டாம். சிமெண்டுத் தளத்தின் சூடு தொட்டியில் ஏறாதிருக்கச் செங்கல் மேல் வைப்பதும், தொட்டியின் பக்கவாட்டைச் சாக்கினால் சுற்றுவதும் பயன் தரும். செடிக்கு நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் தேவை. ஆகவே நிழலுக்குள் நிரந்தரமாக வைத்துவிடக் கூடாது.

உரமிடுதல்

இலையில்லாத செடிக்கு உரம் இடவே கூடாது. எடுத்துக்கொள்ள இயலாத உப்பு, மண்ணில் சேர்ந்து எஞ்சிய வேரையும் சுடும். தளிர் விட்டு மூன்று நான்கு இலைகள் விரிந்தபின், 50 லிட்டர் தொட்டிக்கு அரைக் கிலோ மண்புழு உரமும் 50 கிராம் வேப்பம் புண்ணாக்கும் இட்டு மேல் மண்ணைக் கிளறிவிடவேண்டும். ஒரு மாதம் கழித்து 17:17:17 கலப்பு உரம் 10 கிராமைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவி நீர் விடவேண்டும். காய்கள் திரளும் வரை மாதம் ஒரு முறை இதனைத் தொடரலாம். யூரியாவை அதிகம் இட்டால் இலை தழைக்கும், காய் குறையும், துரு நோயும் கூடும்.

இளந்தளிரில் மாவுப்பூச்சி, செதிள் பூச்சி காணப்பட்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவி, பின்னர் ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

காய்ப்பு

தையில் கவாத்து செய்த செடி பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் மொட்டு விடும். புதுக் கிளையில் ஐந்தாறு இலைகள் வந்தபின் இலைக் கக்கத்தில் பட்டாணி போன்ற பிஞ்சுகள் தோன்றும். இவை பழுக்கச் சுமார் 3 முதல் 4 மாதம் ஆகும். வேர் அழுகிப் பிழைத்த செடியில் முதல் பருவத்துப் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுவதே நல்லது. அந்தச் சத்து வேருக்கும் கிளைக்கும் போகட்டும். நல்ல நிலையில் உள்ள செடியில் பிஞ்சு திரளும் காலத்தில் தொட்டி ஒரு நாள் முற்றிலும் காய்ந்தாலும் பிஞ்சு உதிரும். அத்தி பறித்தபின் பழுக்காது. காம்பு தளர்ந்து பழம் தொங்கி, தொட்டால் மெத்தென்று இருக்கும்போது பறிக்கவேண்டும். அணிலும் பறவைகளும் முந்திக்கொள்ளாமல் வலைப் பை கட்டிவிடலாம்.

மாதவாரியான பணிகள்

புரட்டாசி: வடிகால் துளைகளைச் சுத்தம் செய்தல், போர்டோக் கலவை தெளித்தல்.

ஐப்பசி, கார்த்திகை: அடித்தட்டை நீக்குதல், துரு பிடித்த இலைகளை அகற்றுதல், மழை நாட்களில் தண்ணீர் நிறுத்தம்.

மார்கழி: உயிர்ச் சோதனை, விரல் வைத்துப் பார்த்து மட்டும் தண்ணீர், உரம் இல்லை.

தை: மண் மாற்றம், கவாத்து, போர்டோக் கலவை, சுண்ணாம்புப் பூச்சு, குச்சி நடவு.

மாசி, பங்குனி: தளிருக்கேற்பத் தண்ணீரைக் கூட்டுதல், முதல் உரம்.

சித்திரை முதல் ஆடி வரை: தவறாத நீர், மாத உரம், அறுவடை.

வாடிப்பட்டி விவசாயி மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் பிழைத்த இரண்டு செடிகளிலிருந்தும், அழுகிய செடிகளின் பச்சை நுனிகளிலிருந்தும் குச்சிகள் எடுத்து நட்டார். மூன்றாண்டு உழைப்பை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தாலும் இரகம் கைவிட்டுப் போகவில்லை. இப்போது அவர் வீட்டில் மார்கழி பிறந்ததும் பூவாளியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். விரல் வைத்துப் பார்க்கும் பொறுப்பு அவர் மனைவியாருடையது.

ஆகவே அத்தி வளர்க்கும் அன்பர்கள் இலை உதிர்ந்த செடியைக் கண்டு அவசரப்படாமல், பட்டையைச் சுரண்டி உயிரை அறிந்து, தண்ணீரைக் குறைத்து, தை மாதத்தில் கவாத்தும் மண் மாற்றமும் செய்து, தளிர் வந்தபின் மட்டும் உரமிட்டு வந்தால் தங்கள் செடியைக் காப்பாற்றுவதுடன், அதே ஆண்டிலேயே பழமும் பெறலாம்.